குறை சொல்லும் மடல்

ஓர் இதழுக்கு வரும் மடல்கள் மூன்று வகை. பாராட்டி வருபவை ஒரு வகை. இதைப் போடுங்கள், அதை நிறுத்துங்கள் என்று விருப்பம் தெரிவிப்பவை மற்றொரு வகை. "சென்ற இதழில் இன்ன பக்கத்தில் இன்ன தகவல் தவறு" என்று சுட்டிக் காட்டுபவை மூன்றாம் வகை. முதல் வகை மடல் ஆசிரியருக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. இரண்டாம் வகை அவரைக் குழப்புகிறது. மூன்றாம் வகை அவருடைய முகத்தைச் சற்றே சுளிக்க வைக்கிறது. ஆயினும் இதழை வளர்ப்பது எது என்று கேட்டால், அந்த மூன்றாம் வகைதான் என்று தயங்காமல் சொல்லலாம். வாசக அன்பர்களே, இம்மாதம் அந்த மடலைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரிலிருந்து 'வேர்ல்டு' என்றொரு நாளேடு வெளிவந்தது. புகழ்பெற்ற ஜோசப் புலிட்சரின் ஏடு அது. அவர் மறைந்தபின் அவருடைய மகன் ரால்ஃப் புலிட்சர் 1913ஆம் ஆண்டு அந்த ஏட்டுக்குள் ஒரு தனி அலுவலகத்தைத் திறந்தார். துல்லியத்துக்கும் நேர்மைக்குமான அலுவலகம் என்பது அதன் பெயரின் பொருள். வாசகர்களின் முறையீடுகளைப் பெறுவதும், அவற்றை விசாரிப்பதும், தவறு யாருடையது என்று பதிவு செய்து வைப்பதும் அதன் பணி. ஐசக் வைட் என்பவர் அதன் பொறுப்பாளர்.

அவருடைய விசாரணை ஒன்று பத்திரிகை உலகில் இன்றும் சொல்லப்படுகிறது. கப்பல் உடைந்த செய்தி வரும்போதெல்லாம் அதில் ஒரு பூனை உயிர் பிழைப்பதை வைட் கவனித்தார். கப்பற்செய்தி எழுதுபவரை அழைத்து, இது எப்படி என்று கேட்டார். அவர் சொன்ன விளக்கம் இது: ஒருமுறை உடைந்த கப்பலில் உண்மையாகவே ஒரு பூனை இருந்தது. ஒரு செய்தியாளர் அதைச் சுவையாக எழுதினார். பூனையைக் குறிப்பிடாத மற்ற ஏட்டுச் செய்தியாளர்கள் தங்கள் ஆசிரியர்களிடம் வசை வாங்கினார்கள். அடுத்த கப்பலில் பூனையே இல்லை. ஆனாலும் வசைக்கு அஞ்சி மற்றவர்கள் பூனையைச் சேர்த்துவிட்டார்கள். உள்ளபடி எழுதியவர் திட்டு வாங்கினார். அன்று முதல் கப்பல் உடைந்தால் எல்லாரும் ஒரு பூனையைச் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது!

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் இதிலே ஒரு பாடம் இருக்கிறது. சுவைத்ததைப் பாராட்டி, சுவைக்காததைக் கடிந்துகொண்டே போனால், எழுதுகிறவன் உண்மையை விட்டுவிட்டுப் பூனையைத் தேடத் தொடங்குவான். ஆகவே கருத்துரை என்று வருவதெல்லாம் இதழைத் திருத்திவிடுவதில்லை. எந்தக் கருத்துரை எதற்குப் பயன்படும் என்று தரம் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1967இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஏடுகள், வாசகர் முறையீடுகளைக் கேட்பதற்கென்றே ஜான் ஹெர்ச்சன்ரோடர் என்ற மூத்த இதழாளரை அமர்த்தின. 1997இல் இலண்டன் 'கார்டியன்' நாளேடு இயன் மேயஸ் என்பவரை 'வாசகர்களின் ஆசிரியர்' என்ற பொறுப்பில் அமர்த்தியது. திருத்தங்களும் விளக்கங்களும் ஏட்டில் ஒரு நிலையான இடத்தில் நாள்தோறும் வெளிவரலாயின. அங்கே செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. வாசகர்களின் ஆசிரியரை ஏட்டின் முதன்மை ஆசிரியரால் நீக்க முடியாது. ஏட்டின் உரிமையாளரான அறக்கட்டளை மட்டுமே நீக்க முடியும். குறை கேட்பவர், குறை செய்தவருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே அதன் நோக்கம்.

இத்தனை ஏற்பாடு எதற்கு? மடல் வந்தால் ஆசிரியரே படித்துத் திருத்திக் கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்விக்கு 2003ஆம் ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் நடந்தது விடை தருகிறது. ஜேசன் பிளேர் என்ற இளம் செய்தியாளர் பல செய்திகளைக் கற்பனையாகவும், பிறர் எழுதியதைக் களவாடியும் எழுதியது அவ்வாண்டு வெளிப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிய செய்தியில், வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் புகையிலை வயல்களும் மாடு மேயும் நிலங்களும் தெரியும் என்று எழுதியிருந்தார். அங்கே அப்படி எதுவும் தெரியாது. அவர் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. அந்த வீட்டார் அதைப் படித்தார்கள், சிரித்தார்கள். ஆனால் ஏட்டுக்கு முறையிடவில்லை.

ஒரு மடல் போதுமே! அந்த ஒரு மடல் எழுதப்பட்டிருந்தால் பொய் அன்றைக்கே பிடிபட்டிருக்கக் கூடும். எழுதப்படாத மடல்தான் ஓர் இதழின் பெரிய இழப்பு. "எழுதி என்ன ஆகப் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள்" என்று வாசகர் எப்போது எண்ணத் தொடங்குகிறாரோ, அப்போதே அந்த இதழ் தன்னைத் திருத்திக் கொள்ளும் வாய்ப்பை இழந்துவிடுகிறது. அவர் சண்டையிடுவதில்லை, சந்தாவை உடனே நிறுத்துவதும் இல்லை. நம்புவதை மட்டும் நிறுத்திவிடுகிறார்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, அதே 2003இன் இறுதியில், நியூயார்க் டைம்ஸ் முதன்முறையாக ஒரு பொதுமக்கள் ஆசிரியரை அமர்த்தியது. ஆனால் 2017இல் அந்தப் பொறுப்பையே எடுத்துவிட்டது. இணையத்தில் ஆயிரக்கணக்கான வாசகர்கள் உடனுக்குடன் குறை சொல்கிறார்கள், அவர்கள் எல்லாரும் சேர்ந்தே காவலர்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். குரல்கள் பெருகியது உண்மைதான். ஆனால் குரல் எழுப்புபவர் ஆயிரம் பேர் இருந்தாலும், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இல்லையென்றால் முறையீடு காற்றோடு போய்விடும். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நம் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளேடு, கார்டியனின் முறையைப் பின்பற்றி 2006இல் கே. நாராயணன் அவர்களை வாசகர்களின் ஆசிரியராக அமர்த்தியது. பெயரில் தொடங்கி ஆண்டு, எண்ணிக்கை, படத்தின் கீழுள்ள வரி வரை வாசகர்கள் சுட்டிய பிழைகள் திருத்தமாக அச்சேறின. பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் நேற்றைய பிழையை இன்று தானே சொல்லும் ஏட்டின் மற்ற வரிகளை நாம் கூடுதலாக நம்புகிறோம் அல்லவா?

நாளேட்டை விட்டு நூலுலகுக்கு வருவோம். டொனால்டு நூத் என்பவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய நூல்வரிசையின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. தம் நூலில் ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அவர் அறிவித்தார். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 100 என்று எழுதினால் நம் கணக்கில் அது 256. அதாவது கணினிக்காரர்களின் ஒரு டாலர்! பரிசு பெற்றவர்களில் பலர் அந்தக் காசோலையை வங்கியில் கொடுக்காமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். 2008 முதல், வங்கி மோசடிகளின் காரணமாக, காசோலைக்கு மாறாகக் கற்பனை வங்கி ஒன்றின் பெயரால் சான்றிதழ் வழங்கி வருகிறார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பயனுள்ள யோசனை ஒன்றைச் சொல்பவருக்கு நூத் அளிப்பது 32 சென்ட். ஆக, ஒரு பிழை எட்டு யோசனைகளுக்குச் சமம். "இப்படி எழுதியிருக்கலாமே" என்பது வாசகரின் விருப்பம். "இது தவறு" என்பதோ சரிபார்க்கத் தக்க செய்தி. இரண்டையும் ஏற்றார், ஆனால் ஒரே விலை வைக்கவில்லை.

சிறிய இதழ்களுக்கு இவையெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். தனி அலுவலகமும் பரிசுப் பணமும் வேண்டியதில்லை. சில வழக்கங்கள் போதும். குறை சுட்டும் மடலைக் கட்டுரை எழுதியவரிடமே கொடுத்து "சரியா பாருங்கள்" என்னாமல், வேறொருவர் சரிபார்ப்பது ஒன்று. திருத்தத்தை ஒவ்வோர் இதழிலும் ஒரே இடத்தில், கண்ணில் படும்படி வெளியிடுவது மற்றொன்று. கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 15 என்பதற்கு 25 என்று அச்சாகிவிட்டால், அதை நம்பிய ஏழை மாணவன் ஓர் ஆண்டின் உதவியை இழப்பான். அத்தகைய பிழையின் திருத்தம் கடைசிப் பக்கத்து மூலையில் வந்து என்ன பயன்?

மூன்றாவதாக, மடல்களை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் அது அவருடைய கவனக் குறைவாக இருக்கலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து மூன்று பேர் அதையே ஒரே விதமாகத் தவறாகப் புரிந்துகொண்டால், குறை வாக்கியத்தில்தான். வகுப்பில் பாடம் நடத்துவோர் அனைவரும் அறிந்த உண்மை இது. அதுபோல, மடல் எழுதுவோர் மட்டுமே வாசகர்கள் அல்லர். குடும்ப இதழை வீட்டில் முதலில் எடுத்துப் படிப்பவர் தாயாகவோ மகளாகவோ இருக்கக்கூடும். மடலில் அவர்கள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அவர்களிடம் நாமாகவே கேட்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "இதழ் முன்போல் இல்லை" என்று எழுதினால் ஆசிரியர் வருந்தலாமே தவிர, திருத்த முடியாது. எந்த இதழ், எந்தப் பக்கம், எந்த வரி, சரியானது எது, அது சரி என்பதற்கு ஆதாரம் என்ன என்று ஐந்து செய்திகளை ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். கடுஞ்சொல் தேவையில்லை. பெயரைப் போட அஞ்சவும் தேவையில்லை.

பாராட்டு எழுதுகிறவருக்கு ஊக்கம் தரும். வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு, வரி வரியாகப் படித்து, ஒரு பிழையைத் தேடிச் சொல்கிறார் என்றால், அவர் அந்த இதழைத் தம்முடையதாகக் கருதுகிறார் என்பது பொருள். அடுத்த முறை இதழில் ஒரு தவறு கண்ணில் பட்டால், சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். எழுதுங்கள்.