ஆயிரம் வருஷ டெபாசிட்

சுண்ணாம்பு என்றதும் ஓமலூர்க்காரனுக்கு மூன்று சமாசாரம்தான் ஞாபகம் வரும். வெற்றிலை, பொங்கல் வெள்ளையடிப்பு, சங்ககிரி சிமெண்ட். நாலாவது ஒன்று இருக்கிறது. நம்மூர் வழியாகப் போகிற அதே 44-ம் நம்பர் நெடுஞ்சாலையில் வடக்கே பெங்களூர், அனந்தப்பூர் வரை போய், தாடிபத்ரி பக்கம் திரும்பினால் பேலம் குகை!

நீளம் 3,229 மீட்டர். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நாம் நடக்கலாம். 1884-ல் இதைப் பற்றி முதலில் எழுதி வைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்பாடு நம்ம ஏற்காட்டில் குடியிருந்தவர். 1982-83-ல் ஜெர்மன்காரர்கள் வந்து அளந்தார்கள். நமக்குக் கதவு திறந்தது 2002-ல்.

குகை என்றால் ஜில்லென்று இருக்கும் என்று நம்பிப் போனோம். உள்ளே ஏக புழுக்கம். கைடு திடீரென்று, "முட்டொத்து!" என்று கத்தினார். என்கூட வந்த அக்கவுண்ட்ஸ் நண்பர், தலை முட்டப் போகிறது என்று சட்டென்று குனிந்தார். தெலுங்கில் அதற்கு 'தொடாதே' என்று அர்த்தமாம். நண்பரின் கை அப்போது கூரையிலிருந்து தொங்கிய சுண்ணாம்பு விழுதின் மேல்!

தொட்டால் என்ன தேய்ந்தா போகும்? விஷயம் இருக்கிறது, சார். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான சோடா ஆகிறது. பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்கி, குகைக்குள் சொட்டும்போது வாயுவை விட்டுவிடுகிறது. கரைந்த சுண்ணாம்பு மட்டும் அங்கேயே டெபாசிட்! வட்டி விகிதம்? இடத்துக்கு இடம் மாறும். தோராயமாக வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர்.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? பத்து சென்டிமீட்டர், அதாவது கைவிரல் நீளம் வளர ஆயிரம் வருஷம். 1010-ல் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தபோது சொட்ட ஆரம்பித்தது, இன்றைக்குத்தான் ஒரு விரல்!

நம் கை எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாக ஒட்டாது. வளர்ச்சி நின்றாலும் நிற்கும். சாவியால் 'ஐ லவ் யூ' கிறுக்குகிற தம்பிகள் கவனிக்க: காதல் கல்யாணத்தில் முடியலாம், முடியாமலும் போகலாம். கீறல் மட்டும் நிற்கும்.

போகிறவர்கள் ஒரு துண்டு எடுத்துப் போங்கள், வியர்வை துடைக்க. இரண்டு கையையும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.