"எத்தனை வோல்ற்றில் வைத்தால் பாதுகாப்பு?"

 

உடுவில், சுன்னாகம், இணுவில், மருதனார்மடம் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தரம் 8க்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

ஓமின் விதி படிப்பிக்கிற எங்களிடம் இப்போது புதுவிதமான கேள்வி ஒன்று வருகிறது. "சேர், தடை 0.5 ஓம் எண்டால் எத்தினை வோல்ற் குடுக்கலாம்?" பெடியன் படிக்கிறான் என்று முதலில் சந்தோசமாகத்தான் இருக்கும். கேள்வி வந்தது பரீட்சைத் தாளில் இருந்து அல்ல, காற்சட்டைப் பைக்குள் இருந்து என்பது பிறகுதான் விளங்கும். வேப். இலத்திரனியல் சிகரெட்.

கேள்வியைவிட மோசமானது, அதற்கு ஊரில் பதில் தயாராக இருப்பது. போன் கடை வாசலில் கிடைக்கிறது. ரியூசன் முடிந்து நிற்கிற மதிலடியில் கிடைக்கிறது. லண்டனில் இருந்து லீவுக்கு வந்த மச்சானிடமும் கிடைக்கிறது. "3.7இல வை, ஒண்டும் செய்யாது." "கொயில் 1.2 ஓமுக்கு மேல எண்டால் பயமில்லை." இலக்கத்தோடு சொன்னால் எதுவும் விஞ்ஞானம் மாதிரித்தான் கேட்கும். அந்த இலக்கங்களோடுதான் எங்களுக்குச் சண்டை.

கணக்கையே பார்ப்போம். வேப்புக்குள் இருப்பது ஒரு பற்றரி, ஒரு சின்னக் கம்பிச் சுருள், பஞ்சில் ஊறிய திரவம். சுருள் சூடாகிறது, திரவம் ஆவியாகிறது, அதை இழுக்கிறார்கள். சூட்டைத் தீர்மானிப்பது வலு. வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வலு வரும். முழுதாக ஏற்றிய ஒரு லிதியம் கலத்தில் 4.2 வோல்ற் இருக்கும். அதை 1.5 ஓம் சுருளில் பூட்டினால் ஏறக்குறைய 12 வாற்று. 0.5 ஓம் என்றால் 35 வாற்று. பெரிய புகை விட வேண்டும் என்று 0.15 ஓம் சுருள் போட்டால் 28 அம்பியர் மின்னோட்டம் ஓடும்! 18650 என்று சொல்கிற அந்தக் கலங்களில் பல, 20 அம்பியரைக்கூடத் தொடர்ந்து கொடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. பழைய லப்ரொப்பில் கழற்றிய கலம் என்றால் இன்னும் மோசம். கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத கருவியில் இதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் வேப் வெடித்து ஒருவர் இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாசில் இன்னொருவர். இரண்டு பேரும் வளர்ந்த ஆட்கள்.

"அப்ப குறைச்சு வைச்சால் சரிதானே சேர்?"

இல்லை. இந்த நம்பிக்கையைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. 2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேப்பின் ஆவியை 3.3 வோல்ற்றிலும் 5 வோல்ற்றிலும் சோதித்தார்கள். போமல்டிஹைட்டை விடுவிக்கும் சேர்மங்கள் 3.3இல் அகப்படவில்லை, 5இல் அகப்பட்டன. ஆய்வுகூடத்தில் தவளையும் பாம்பும் போத்தலுக்குள் கிடக்கிறதே போமலின், அது போமல்டிஹைட்டின் கரைசல்தான். புற்றுநோயை உண்டாக்கும் பொருள். வோல்ற் ஒன்றரை மடங்குதான் கூடியது, வலுவோ 2.3 மடங்கு கூடிவிட்டது.

குறைத்து வைக்கச் சொல்கிறவர்களுக்கு இது பெரிய ஆதாரம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஆய்வு தேடியது ஒரு நஞ்சை மட்டும். 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் பாவனையாளர்களின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தபோது ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் இருந்தன. சூடாகிற கம்பிச் சுருளைத்தான் அவர்கள் மூலமாகக் காட்டினார்கள். கம்பியைச் சூடாக்காமல் ஓடுகிற வேப் இருந்தால் கொண்டு வந்து காட்டுங்கள்.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். 2015 ஆய்வை விமர்சித்த விஞ்ஞானிகளும் உண்டு. அந்தச் சூட்டில் கருகல் ருசி வரும், தொண்டை எரியும், எவரும் அப்படி இழுக்க மாட்டார் என்றார்கள். இருக்கலாம். அப்படியென்றால் பாதுகாப்பை அளக்கிற கருவி எது? 15 வயதுப் பிள்ளையின் தொண்டை. எரிந்தால் கூடிப்போச்சு, எரியாவிட்டால் சரி. இப்படி ஒரு அளவைமானி எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது நிகொட்டின். குறைந்த வலுவில் ஓடுகிற சின்னக் கருவிகளுக்குத்தான் 'நிகொட்டின் உப்பு' என்ற லிக்குயிட் கூடிய செறிவில் வருகிறது. 1 மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் வரை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 20க்கு மேல் விற்க விட மாட்டார்கள். உப்பு என்பதால் தொண்டையில் காறல் தெரியாது, மாம்பழ வாசத்தோடு மெதுவாக இறங்கும். 3.7இல் வைத்துக்கொண்டு 'பாதுகாப்பாக' இழுக்கிற பிள்ளை, பெரிய புகை விடுகிறவனை விடவும் ஆழமாக அடிமையாகலாம். வோல்ற் கூடினால் உடம்பு எரிகிறது என்று சொல்லும். நிகொட்டின் கூடினால் ஒன்றும் சொல்லாது, நாளைக்கும் கேட்கும். அதோடு, இப்போது கைக்குக் கை மாறுகிற, பாவித்துவிட்டு எறிகிற வேப்புகளில் பெரும்பாலானவற்றில் செற்றிங் பொத்தானே கிடையாது. இல்லாத பொத்தானுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

"லண்டனில டொக்டர்மாரே குடுக்கினம்" என்பது இன்னொரு கதை. அங்கே சொல்வது, பல வருடம் சிகரெட் புகைத்த வளர்ந்தவர்கள் அதை விடுவதற்கு. சிகரெட்டே தொடாத பிள்ளை எதை விடுவதற்கு இழுக்கிறது? அதே பிரித்தானியா 18 வயதுக்குக் கீழே விற்பதைத் தடுத்திருக்கிறது. 2025 ஜூன் 1 முதல் எறிகிற வேப்புகளையே தடைசெய்துவிட்டது. மச்சான்மார் இந்தப் பகுதியை ஊருக்கு வந்து சொல்வதில்லை.

எங்கள் சட்டம்? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 2016 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதி, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டை விற்கவும் இறக்கவும் தடை போட்டது. விற்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்த 'புகையிலை அடங்கிய' என்ற இரண்டு சொற்களை. "இதில புகையிலை இல்லை, லிக்குயிட்தான்." அந்த நிகொட்டினைப் பெரும்பாலும் எந்தச் செடியில் இருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். இந்தியா 2019இல் சுற்றிவளைக்காமல் எல்லா இலத்திரனியல் சிகரெட்டையும் தடைசெய்தது.

புகையிலை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த மண்ணில் இருந்து இதைப் பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பேசலாம். எங்கள் செம்மண் தோட்டப் புகையிலை திருவிதாங்கூர் வரை போனது. சுருட்டுக்குக் கோடாவும் போட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் சுருட்டுப் பிடித்த அப்பு எதையும் ஒளிக்கவில்லை, ஒளிக்கவும் முடியாது. படலையிலேயே மணக்கும். பேரனின் வாயில் மாம்பழம் மணந்தால் அம்மா என்ன நினைப்பார்?

இன்னொன்றையும் இந்த ஊர் மறந்திருக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கண்டபோது, பயமில்லை, குடிக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நாங்கள் நம்பவில்லை. தண்ணீர் பவுசருக்குப் பின்னால் வரிசையில் நின்றோம், வழக்குப் போனது, 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கிணற்றுத் தண்ணீருக்கு அவ்வளவு கேள்வி கேட்ட நாங்கள், பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிற ஆவிக்கு "அளவோடை எண்டால் பரவாயில்லை" என்று கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

ஹராமா மக்ரூஹா என்று உள்பெட்டியில் கேட்கிறவர்களுக்கு: அதை ஆலிம்களிடம் கேளுங்கள், எங்கள் பாடம் ஓமின் விதி.

வெளிநாட்டு உறவுகளே, சொக்லேற் கொண்டு வாருங்கள், போதும். கடைக்காரர்களே, போன் கவருக்குப் பக்கத்தில் தொங்குகிற அதை இறக்குங்கள். உங்கள் பிள்ளையும் இதே ரியூசனுக்குத்தான் வருகிறது. கண்டால் உடுவில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், முகநூலில் படம் போட்டுப் பிள்ளையின் மானத்தை வாங்காதீர்கள்.

பெற்றோரே, பையில் அகப்பட்டால் அடிக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "காலமை எழும்பினவுடனே வேணும்போல இருக்கா?" ஆம் என்றால் அது குழப்படி அல்ல, அடிமைத்தனம். அதை அடி மாற்றாது. புகைத்தலை விட உதவி கேட்க 1948 என்ற இலக்கம் இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு நீங்களே எடுங்கள்.