பூட்டியின் பெயர் யாது?

"அம்மம்மா, உங்கள் பூட்டியின் பெயர் என்ன?" என்று என் பேத்தி ஒருநாள் வினவினாள். பூட்டனின் பெயரைச் சொல்லிவிட்டேன். பூட்டியின் பெயர் நாவில் வரவில்லை. சகோதரிகளே, உங்களுக்கு வருமா? தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம் குடும்பங்களில் பெண்களின் பெயர்கள் விரைவில் மறைந்துபோகின்றன.

ஆயினும் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அதுவே சீதன உறுதி. தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாய்ச் செல்லும் பண்டை வழக்கை, 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை குறித்து வைத்திருக்கின்றது. காணி பெண்வழியே இறங்கிற்று. பெயர்களும் கூடவே இறங்கின. மணமகள், பெற்றோர், காணியின் பெயர், பரப்பு யாவும் உறுதியில் உள. நான்கெல்லையை மாத்திரம் அலட்சியமாய் வாசித்துவிடாதீர்கள். ஒரே வளவை உடன்பிறந்தார் பிரித்துக்கொண்டிருப்பின், கிழக்கெல்லைக்குரியவள் உங்கள் பூட்டியின் தங்கையாகவும் இருத்தல் கூடும்.

அந்தியேட்டியில் வழங்கும் கல்வெட்டுக்களையும் சேர்த்துவையுங்கள். வமிசாவழி அவற்றில் அச்சாகியிருக்கும். ஆனால் கல்வெட்டுப் பாடுவோர் புகழ்வதில் வல்லவர்; ஆண்டுகளில் அத்துணை கவனமுடையவர் அல்லர். ஆண்டுக்குப் பிறப்பு, இறப்புப் பதிவுகளையே நாடவேண்டும். இலங்கையில் அவை 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கின.

எங்கள் உறுதிப்பெட்டி 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பியபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. எனினும் நொத்தாரிசு நிறைவேற்றும் உறுதியின் இணைப்பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குச் செல்வது விதி. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி தெரிந்தால் தேடுவது எளிது. அம்மூன்றையும் என் தமையனார் பழைய கொப்பியொன்றில் குறித்திருந்தார். மூன்றாம் முறை சென்றபோது பிரதி கைக்கு வந்தது. பூட்டி தம் மகளுக்கு எழுதிக்கொடுத்த சீதனம்! பெயர் தெளிவாய் இருந்தது. கையொப்பமிடும் இடத்தில் ஒரு புள்ளடி மாத்திரமே. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயினும் முதலிற் செல்லவேண்டிய இடம் பதிவகமன்று. வீட்டு விறாந்தையில் அமர்ந்திருக்கும் முதியவரிடமே. "நம் முன்னோர் யார்?" என்று கேட்டால் அவர் திகைப்பார். "அந்தக் கிணற்றடிக் காணி யாருடைய சீதனம்?" என்று கேளுங்கள், பொழுது சாயும்வரை பேசுவார். இடைமறியாமல் எழுதுங்கள்.

பேத்தி பூட்டியின் பெயரைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எழுதி முடியுமுன்னே, "அவவின் அம்மாவின் பெயர்?" என்றாள். அதை அறிந்திருக்கக்கூடியவர் என் சின்னம்மா ஒருவரே. அவருக்கு வயது 93. நாளைக் காலை இருவரும் புறப்படுகின்றோம்.