பழைய பிரவுசர்காரர்களும் குடிமக்களே

பழைய பிரவுசரில் திறக்காத விண்ணப்பப் படிவம் பழுதான படிவம். கட்டணப் பக்கத்துக்கும் தேர்வு முடிவுப் பக்கத்துக்கும் இதுவே பொருந்தும். பொறுப்பு அவற்றை உருவாக்கியவர்களுடையது. பழைய போனை வைத்திருப்பவருடையது அல்ல.

2014இல் வந்த ஐபோன் 6ஐயே எடுத்துக்கொள்வோம். 2019இல் வெளியான ஐஓஎஸ் 13 இயங்குதளத்தை அதில் ஏற்ற முடியாது. குரோம் போட்டுக்கொண்டாலும் பயனில்லை; எந்த பிரவுசரானாலும் அந்த போனில் சஃபாரியின் இன்ஜினில்தான் ஓட வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. அண்ணன் கழித்துக் கொடுத்த அந்த போனோடு கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவியிடம் பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல்வது, புது போன் வாங்கச் சொல்வதுதான்.

இந்தத் தடையைப் பெரும்பாலும் யாரும் திட்டமிட்டு எழுப்புவதில்லை. எச்டிஎம்எல்லிலும் சிஎஸ்எஸ்ஸிலும் புரியாதது ஏதாவது வந்தால் பிரவுசர் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ‘?.’ என்ற குறியீடு 2020இல்தான் குரோம் 80இலும் சஃபாரி 13.1இலும் நுழைந்தது. அதற்கு முந்தைய பிரவுசர், ஒரே இடத்தில் அதைக் கண்டாலும் அந்தக் கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். படிவமே அந்தக் கோப்பை நம்பியிருந்தால் திரை வெள்ளையாக நிற்கும். ஏன் என்று சொல்ல ஒரு வரிகூட வராது. இத்தனைக்கும், புதிய குறியீடுகளைப் பழைய வடிவுக்கு மாற்றித் தரும் பேபல் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டது அலட்சியம்.

டெவலப்பர்களின் ஆதங்கம் புரியாததல்ல. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 அவர்களைப் படுத்திய பாட்டில், 2011இல் மைக்ரோசாஃப்டே அதைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. பாதுகாப்பிலும் சமரசம் கூடாது. பழைய பாதுகாப்பு நெறிமுறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 இணைப்புகளை மூடியது சரியே. ஆனால் ஐபோன் 6 ஏற்கும் ஐஓஎஸ் 12இன் சஃபாரிக்கு டிஎல்எஸ் 1.2 நன்றாகவே தெரியும். அந்த மாணவிக்குக் கதவை அடைக்கப் பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது.

பிரிட்டன் அரசின் இணையதளக் குழு 2013இல் அளந்து பார்த்தது. தன் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 சதவீதத்தினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வசதிகள் கிடைக்கவில்லை. அதைத் தாங்களாக அணைத்து வைத்திருந்தவர்களும் அதை ஆதரிக்காத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 சதவீதம் மட்டுமே. இன்று அந்த அரசின் வடிவமைப்புத் தொகுப்பு, புதிய பிரவுசர்களில் மட்டுமே தன் ஜாவாஸ்கிரிப்டை இயக்குகிறது. பழையவற்றில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பக்கம் தெரிகிறது. வசதி சற்றுக் குறையும், சமர்ப்பிக்கும் பொத்தான் வேலை செய்யும். நாம் கேட்பதும் அவ்வளவுதான். எல்லா போனிலும் ஒரே அழகை யாரும் கேட்கவில்லை.

அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் டெண்டர் விடும்போதே, ஜாவாஸ்கிரிப்ட் இயங்காவிட்டாலும் படிவம் போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனையை எழுத வேண்டும். பழைய போன் ஒன்றில் முதல் பக்கத்திலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை போய்க் காட்டிய பிறகே பில் பாஸ் ஆக வேண்டும்.