எலைசா தரும் எண்ணை எப்படி எழுதுவது? சுண்டெலி ஹீமோபெக்சினை முன்வைத்து

குருதிப் புரதங்களைப் பற்றிய ஆய்வேடுகளின் முடிவுகள் இயலில் இப்படியொரு வாக்கியம் இடம்பெறுவதுண்டு: "மருந்து செலுத்தப்பட்ட சுண்டெலிகளில் ஹீமோபெக்சின் அளவு குறைந்தது." அருகே ஒரு பட்டை வரைபடமும் அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். வாய்மொழித் தேர்வில் கேள்வி எழுந்தால் அது பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தைப் பற்றியதாகவே இருக்கும். வினைச்சொல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "குறைந்தது" என்பது தன்வினை. குறைத்தது எது என்பதை அது சொல்ல வேண்டியதில்லை. கல்லீரல் குறைவாக உருவாக்கியதா, உருவான புரதம் தன் சுமையுடன் குருதியை விட்டு நீங்கியதா, சீரத்தை நீர்க்கச் செய்தவரின் கை பிசகியதா என்ற மூன்று வேறுபட்ட செய்திகளும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எலைசா தட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை.

ஹீமோபெக்சின் கல்லீரலில் உருவாகும் ஒரு கிளைக்கோபுரதம். சிவப்பணுக்கள் குருதிக்குழாய்க்குள்ளேயே உடையும்போது வெளிப்படும் ஹீமோகுளோபினை முதலில் ஹாப்டோகுளோபின் பற்றிக்கொள்கிறது. அதன் கொள்ளளவு தீர்ந்து, ஹீமோகுளோபினிலிருந்து ஹீம் தனியே கழன்று விழத் தொடங்கியதும் ஹீமோபெக்சினின் முறை வருகிறது. பிளாஸ்மாவில் ஹீமை இதைவிட இறுகப் பற்றும் புரதம் வேறில்லை. பற்றியதும் இரண்டும் சேர்ந்து கல்லீரலைச் சென்றடைகின்றன. அங்குள்ள எல்ஆர்பி1 என்னும் ஏற்பி அவற்றைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆகவே சிவப்பணுச் சிதைவு தீவிரமாக இருக்கும் உடலில் ஹீமோபெக்சின் குறைந்து காணப்பட்டால், அப்புரதம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். குறைவு என்பது இங்கே செயலின் தடயம்.

சுண்டெலியில் இது இன்னும் சிக்கலாகிறது. அழற்சி எழும்போது இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் சுண்டெலியின் கல்லீரலைத் தூண்டி ஹீமோபெக்சின் உற்பத்தியைக் கூட்டுகின்றன. மனிதரில் இந்தத் தூண்டல் மிகவும் மிதமானது. ஒரே சுண்டெலியில் சிவப்பணுச் சிதைவும் அழற்சியும் ஒருசேர இருந்தால் முன்னது அளவை இறக்கும், பின்னது ஏற்றும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால் கிடைக்கும் எண், நோயற்ற சுண்டெலியின் எண்ணுக்கு அருகிலேயே நிற்கும். அதை "மாற்றமில்லை" என்று எழுதும் மாணவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உடலுக்குள் நடந்த இரண்டு பெரிய மாற்றங்களையும் அவருடைய வாக்கியம் மறைத்துவிடுகிறது. ஹாப்டோகுளோபின், பிளாஸ்மாவின் மொத்த ஹீம், ஓர் அழற்சிக் குறியீடு ஆகியவற்றை உடன் அளக்காமல் ஹீமோபெக்சினை மட்டும் தனித்து அளப்பதில் பெரும் பயனில்லை. அந்த அழற்சிக் குறியீட்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மருத்துவமனைப் பழக்கத்தால் பலரும் முதலில் எண்ணுவது சி-எதிர்வினைப் புரதத்தை. சுண்டெலியில் அது அதிகம் ஏறுவதில்லை. சீரம் அமிலாய்டு பி அல்லது சீரம் அமிலாய்டு ஏ தான் பொருத்தமானது.

இந்தப் புரதம் இந்திய ஆய்வகங்களுக்கு அயலானதன்று. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே. பதிவு செய்தவர்கள் லேமனும் கட்புஷும். அந்நோயை 2047க்குள் ஒழிக்கும் இலக்குடன் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. அரிவாள் செல் சுண்டெலிகளில் ஹீமோபெக்சினைச் செலுத்தியபோது குருதிக்குழாய்களின் பாதிப்பு தணிந்ததை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. கடும் சீழ்ப்பிடிப்புக்கு உள்ளான சுண்டெலிகளை அது காக்கிறது என்பதை 2010இல் வேறோர் ஆய்வு காட்டியிருந்தது. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஹீமோபெக்சினை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்க்கும் முதற்கட்டச் சோதனைகளும் நடந்துள்ளன. சுண்டெலித் தட்டில் தவறாக வாசிக்கப்படும் ஓர் எண் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இனி அந்த எண் பிறக்கும் இடத்துக்கு வரலாம். 1971இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட எலைசா முறை அடிப்படையில் எளிமையானது. குழியின் அடியில் ஒட்டியுள்ள எதிர்ப்பொருள் புரதத்தைப் பிடிக்கிறது; நொதி இணைக்கப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருள் அதன்மேல் அமர்கிறது; டிஎம்பி என்னும் வேதிப்பொருள் நீலமாகிறது; அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகிறது; 450 நானோமீட்டரில் கருவி அந்நிறத்தை வாசிக்கிறது. அந்த நொதி பெரும்பாலும் குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ். அதன் நடுவிலும் ஒரு ஹீம் இருக்கிறது! ஹீமைச் சுமக்கும் புரதத்தைப் பற்றி இன்னொரு ஹீம் புரதம் சாட்சி சொல்லும் இந்த ஏற்பாடு வேடிக்கையானது மட்டுமன்று, எச்சரிக்கைக்கும் உரியது. சிறுநீரில் குருதி உள்ளதா என்று பார்க்கும் பட்டைகளும் இதே டிஎம்பியைத்தான் பயன்படுத்துகின்றன. ஹீமோகுளோபினே டிஎம்பியை நிறமாற்றவல்லது. கழுவுதல் சரியாக நடக்காத குழியில் சிதைந்த சிவப்பணுக்களின் எச்சம் தங்கிவிட்டால் நிறம் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

இதனினும் பெரிய சிக்கல் நீர்க்கச் செய்வதில் இருக்கிறது. ஹீமோபெக்சின் குருதியில் தாராளமாக இருக்கும் புரதம், மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் என்ற வரிசையில். எலைசா வாசிப்பதோ நானோகிராம்களை. எனவே 2 மைக்ரோலிட்டர் சீரத்தை 398 மைக்ரோலிட்டர் கரைசலில் கலந்து, அதிலிருந்து 5 எடுத்து 495இல் கலந்தால் 20,000 மடங்கு நீர்த்த கரைசல் கிடைக்கும். குழியில் 50 நானோகிராம் என்று தெரிந்தால் சீரத்தில் அது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். கணக்கு சரிதான். ஆனால் முதல் படியில் பிப்பெட் முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிய துளியும் சேர்ந்து 2க்குப் பதில் 2.3 மைக்ரோலிட்டர் விழுந்திருந்தால், 15 சதவீதம் கூடுதலாகிவிடும். அந்தப் பிழை மூல எண்ணோடு சேர்ந்தே பெருகும். இரட்டைக் குழிகள் எவ்வளவு அழகாக ஒத்துப்போனாலும் அதைக் காட்டிக்கொடுக்க மாட்டா, ஏனெனில் இரண்டும் பிழையான ஒரே குழாயிலிருந்து வந்தவை. மென்பொருள் மூன்று தசம இடங்களுடன் எண்ணை அச்சிடுகிறது, மாணவரும் மூன்றையும் படியெடுக்கிறார்.

குருதி எடுப்பதில் நிகழும் பிழை வேறு வகையானது. 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் மொத்தமே ஒன்றரை மில்லிலிட்டர் அளவுதான் குருதி இருக்கும். மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும். இதனால் ஹீமோபெக்சின் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்படியன்று. குழாய்க்குள் கல்லீரல் இல்லை. புரதம் எங்கும் போய்விடாது. கெட்டுப்போவது அதன் துணைச் சான்று. உடன் அளக்க வேண்டிய ஹீமும் ஹீமோகுளோபினும் சுண்டெலியின் நோயைக் காட்டுகின்றனவா, ஊசியின் அவசரத்தைக் காட்டுகின்றனவா என்று பிறகு எவராலும் கூற இயலாது. குழாயின் நிறத்தைப் படமெடுத்து வைக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆய்வேடுகளில் அத்தகைய படம் அரிதாகவே காணக் கிடைக்கிறது.

"கிட்டின் கையேட்டிலேயே எல்லாம் சரிபார்த்து எழுதியிருக்கிறார்களே" என்பது வழக்கமாக வரும் மறுமொழி. டொரோன்டோவின் டயமாண்டிஸ் குழுவுக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். கணையப் புற்றுநோய்க்கான குறியீடாக ஒரு புரதத்தைக் கண்டுகொண்டதாக நம்பி அவர்கள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் உழைத்தனர். இறுதியில் அவர்கள் வாங்கிய எலைசா கிட் அந்தப் புரதத்தையே அளக்கவில்லை, நன்கறிந்த சிஏ125ஐ அளந்துகொண்டிருந்தது என்று தெரியவந்தது. 2014இல் அதை அவர்களே வெளியிட்டனர். எதிர்ப்பொருள் எதைப் பற்றுகிறதோ அதுதான் அளக்கப்படுகிறது; பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் அளக்கப்படுவதில்லை. ஹீமோபெக்சினில் இக்கேள்வி இரட்டிப்பாகிறது. ஹீமைப் பற்றியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. இரு வடிவங்களையும் எதிர்ப்பொருள் சமமாக இனங்காண்கிறதா? மனித ஹீமோபெக்சினைச் செலுத்திய சுண்டெலியில் கிட் சுண்டெலியின் புரதத்தை மட்டும் எண்ணுகிறதா, இரண்டையும் சேர்த்து எண்ணுகிறதா? பல கையேடுகள் இவற்றுக்கு விடை தருவதில்லை. கேட்டு எழுதினால் சில நிறுவனங்கள் தரும்.

மாணவர்களின் மேல் மட்டும் பழிபோடுவது நேர்மையாகாது. 96 குழிகளில் திட்ட வளைகோட்டுக்கு 16 போனால் மீதம் 80. இரட்டைக் குழிகளாக வைத்தால் 40 மாதிரிகளை அளக்கலாம். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று வெவ்வேறு நீர்ப்பில் வைத்தால் 13 மாதிரிகளோடு தட்டு நிறைந்துவிடும். பலருக்கு ஓராண்டின் தற்செயல் செலவுத் தொகையை ஒரே கிட் விழுங்கிவிடும் நிலையில், 40ஐ விட்டு 13ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எளிதன்று. வழிகாட்டி படம் கேட்கிறார், இதழ் நட்சத்திரம் கேட்கிறது, நல்கைத் தொகை மார்ச்சுக்குள் தீர்ந்தாக வேண்டும்.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. எல்லா மாதிரிகளுக்கும் மூன்று நீர்ப்பு தேவையில்லை. வேறு ஆய்வில் எஞ்சிய சுண்டெலிப் பிளாஸ்மாவைத் திரட்டிக் கலந்து, முதல் தட்டின் சில பட்டைகளில் நான்கைந்து நீர்ப்புகளில் வைத்துப் பார்த்தாலே போதும்: திரும்பக் கணக்கிட்ட அளவு எல்லா நீர்ப்பிலும் ஒன்றாக வருகிறதா என்பது தெரிந்துவிடும். அறிந்த அளவு தூய ஹீமோபெக்சினைச் சேர்த்து, அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் அதே தட்டில் பார்க்கலாம். ஒரு பகுதியில் ஹீமைக் கலந்து வைத்து, கலக்காத பகுதியோடு ஒப்பிட்டால் வடிவக் கேள்விக்கும் முதல் விடை கிடைக்கும். இவை ஒரு பிற்பகல் வேலை; இதற்காக ஒரு சுண்டெலியும் சாக வேண்டியதில்லை.

இந்த வேலையைக் கேட்க வேண்டியவை இரண்டு குழுக்கள். விலங்கு நெறிமுறைக் குழு படிவத்தில் சுண்டெலிகளின் எண்ணிக்கைக்கு நியாயம் கேட்கிறது. அந்த எண்ணிக்கை எந்த அளவீட்டின் சிதறலை வைத்துக் கணக்கிடப்பட்டது என்றும் கேட்கலாம். அளவீடே சோதிக்கப்படவில்லை எனில் ஆறு சுண்டெலிகள் என்பதற்கும் பத்து சுண்டெலிகள் என்பதற்கும் அடிப்படை கிடையாது. ஆய்வு ஆலோசனைக் குழு, முதல் விலங்கு கொல்லப்படுவதற்கு முன்பே நீர்ப்புத் தொடரின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தட்டின் வரைபடம், நீர்ப்பின் அளவு, ஒதுக்கப்பட்ட குழிகளும் ஒதுக்கியதன் காரணமும், பிளாஸ்மா குழாய்களின் படம் ஆகியவை இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும். முடிவுகள் இயலின் வாக்கியமும் அப்போது மாறும்: "20,000 மடங்கு நீர்த்த பிளாஸ்மாவில், ஹீம் ஏற்றதும் ஏற்காததுமான ஹீமோபெக்சினைச் சேர்த்தே காணும் எலைசாவில், கிடைத்த மதிப்பு ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு, ஹாப்டோகுளோபினும் உடன் குறைந்துள்ளது, சீரம் அமிலாய்டு பி மாறவில்லை." வாசிக்கச் சற்று நீளமானதுதான். தேர்வாளர் கேள்வி கேட்பதற்கு அதில் இடம் இருக்கிறது.