சிக்கனம் யாருக்கு?

மலாவி தேசத்து ஜில்லா வைத்தியசாலைகளில், தொடையெலும்பு முறிந்த உழைப்பாளியைக் காலிற் பாரந் தொங்கவிட்டு ஆறு வாரத்திற்குக் குறையாமல் படுக்கையிற் கிடத்துவது நெடுநாள் வழக்கம். எலும்பின் உட்குழலில் உலோக ஆணி செருகினால் சில தினங்களில் ஊன்றுகோலுடன் எழுந்து நடப்பான். செலவு அதிகமாம்! இழந்த கூலியும், உடனிருந்து பணிவிடை செய்யும் மனைவியின் உழைப்பும் எந்தச் சர்க்கார் ஏட்டில் ஏறுகின்றன?

ஆபரேஷன் மேஜையருகே எக்ஸ்ரே திரை வேண்டுமென்பது அடுத்த ஆட்சேபம். அமெரிக்க டாக்டர் லூயிஸ் ஸர்க்கிள் 1999-ல் தொடங்கிய 'சைன்' ஸ்தாபனம், அத்திரையின்றியே பொருத்தத்தக்க ஆணியை ஏழை தேசங்களுக்கு இனாமாக அளித்து வருகிறது. திருகாணிக்குத் துளையிடும் இடத்தை வெளிச்சட்டமொன்று காட்டிவிடுகிறது.

கிருமி புகுந்தால் ஆணியே வினையாகும். அதை நாம் மறுக்கவில்லை. வேண்டுவன சுத்தமான அறையும் பயின்ற கையும். பணம் அங்கே செல்லட்டும்.