அகத்தை அமைப்போர்

அகம் என்னும் தமிழ்ச்சொல் வீட்டையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். இப்பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. வீட்டின் உட்புறம் அமைந்திருக்கும் முறைக்கேற்பவே அதில் வாழ்வோர் உள்ளமும் அமைதியோ சலிப்போ எய்துகின்றது. வெளிச்சம் வரும் திசை, காற்று நுழையும் வழி, இருக்கையின் உயரம், பொருள்களை எடுத்துவைக்கும் இடம் ஆகியவற்றை ஆராய்ந்து ஒழுங்கு செய்வதே உள்ளமைப்புக் கலை. சுவருக்கு வண்ணம் தீட்டுதலும் சாளரத்திற்குத் திரையிடுதலும் அதன் சிறு பகுதிகளே.

இத்தொழிலை விரும்பும் இளைஞர், 'இதனுள் புகுவதற்கு வழி யாது?' என்று வினவுவது இயல்பு. பட்டமே வழி என்பர் சிலர். அழகுணர்ச்சி உடன்பிறந்தவர்க்குக் கல்வி எதற்கு என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. இக்கலையில் சிறந்தோர் வரலாற்றை நோக்கினால், ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைக் கொண்டே தமக்குரிய வழியை வகுத்துக்கொண்டனர் என்பது புலப்படும்.

அமெரிக்க நாட்டு எல்சி டி வுல்ஃப் என்பவர் நாடக நடிகையாக இருந்தவர். அவருடைய நடிப்பைக் காட்டிலும் அவர் அணிந்த ஆடைகளே மிகுதியாகப் பாராட்டப்பெற்றன. தம் திறமை எங்கே உள்ளது என்பதை அப்பாராட்டிலிருந்தே அவர் உணர்ந்தார் போலும்! 1905ஆம் ஆண்டில் மேடையைத் துறந்து, நியூயார்க் நகரத்து மகளிர் மன்றம் ஒன்றின் உட்புறத்தை அமைக்கும் பணியை ஏற்றார். அக்காலத்துச் செல்வர் இல்லங்கள் கனத்த திரைகளாலும் கருநிற மரச்சாமான்களாலும் இருண்டு கிடந்தன. அவரோ வெளிர்நிறங்களையும் பூ அச்சிட்ட பருத்தித் துணியையும் பிரம்பு நாற்காலிகளையும் கொணர்ந்து மன்றத்தை ஒளிபெறச் செய்தார். 1907இல் அது திறக்கப்பட்டபின் அவர் புகழ் பரவியது.

அயர்லாந்தில் 1878ஆம் ஆண்டில் பிறந்த ஐலீன் கிரே சென்ற வழி வேறு. இலண்டனில் ஓவியம் பயின்ற அவர், பின்னர்ப் பாரிசு நகரில் சுகவாரா என்னும் சப்பானியக் கைவினைஞரிடம் மாணவியாக அமர்ந்து, மரப்பாலால் மெருகேற்றும் அரிய வேலையைக் கற்றார். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு பூச்சு உலர்ந்தபின் அதனைத் தேய்த்து, அதன்மேல் மற்றொரு பூச்சு இடவேண்டும். இவ்வாறு பல முறை செய்தாலன்றிப் பளபளப்பு வாராது. அப்பால் பட்டு அவர் கைகள் புண்பட்டன. எனினும் அவர் அதனை விட்டாரல்லர். திரையில் தொடங்கிய அவர் கை, இருக்கைக்கும் அறைக்கும் வளர்ந்து, 1926க்கும் 1929க்கும் இடையில் பிரான்சின் தென்கடற்கரையில் ஒரு வீட்டையே அமைத்தது. அவ்வீட்டிற்காக அவர் செய்த, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சிறு மேசை இன்றும் போற்றப்படுகின்றது.

'இவ்விருவர்க்கும் பொருளும் செல்வாக்குடைய நண்பரும் துணைநின்றனர். எளியோர்க்கு அது கைகூடுமோ?' என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வியே அது. அதற்கு விடையாக நிற்பவர் பிரான்சு நாட்டு ஷார்லொத் பெரியாண். அவர் பெற்றோர் தையல் தொழிலால் வாழ்ந்தவர். அலங்காரக் கலைப் பள்ளியில் முறையாகப் பயின்று தேறிய அவர், 1927இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயிடம் வேலை வேண்டிச் சென்றார். 'இங்கே நாங்கள் தலையணைக்குப் பூவேலை செய்வதில்லை' என்னும் ஏளனமே விடையாகக் கிடைத்தது. கற்ற கல்வி அந்தக் கதவைத் திறக்கவில்லை. எனினும் அக்கல்வியால் பெற்ற கைத்திறன் அவரிடமே இருந்தது. தாம் குடியிருந்த மாடியறைக்கென உலோகத்தாலும் கண்ணாடியாலும் ஆக்கிய அமைப்பை அவர் அவ்வாண்டே கண்காட்சியில் வைத்தார். அதனைக் கண்ட கொர்புசியே, தாம் மறுத்த பெண்ணையே தம் நிலையத்தில் அமர்த்திக்கொண்டார். பத்தாண்டுக் காலம் பெரியாண் அங்கே பணிபுரிந்தார். பின்னர் 1940இல் சப்பான் சென்றபோது, முன்பு எஃகுக் குழாயில் செய்த சாய்விருக்கையை அந்நாட்டு மூங்கிலில் ஆக்கினார். புதிய நாட்டிலும் கைக்கெட்டிய பொருளே அவருக்கு வழிகாட்டியது.

கல்வி வேண்டாததன்று, அளவும் பொருளின் இயல்பும் அறியாத அழகுணர்ச்சி வெறும் விருப்பமாகவே நின்றுவிடும். ஆனால், பிறர் அழைப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கும் கல்வியும் பயன்தாராது. தான் வாழும் அறை சிறிதாயினும், அதனை அளந்து, பகலவன் ஒளி எந்நேரத்தில் எங்கே விழுகின்றது என்று குறித்து, தாய் நாள்தோறும் எத்தனை முறை குனிந்து நிமிர்கின்றாள் என்று எண்ணிப்பார்க்கும் இளைஞன், அப்போதே இத்தொழிலில் அடியெடுத்து வைத்துவிட்டான். அவளுடைய கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பலகையை அமைத்துத் தருவானாயின், அதுவே அவனது முதற்பணி ஆகும்.